பஸ் கிளம்புவதற்குள்

அவளுக்கு ஒரு படம் வரையப் பத்து நிமிஷம்தான். சில நாள் எட்டு. நெரிசலில் மாட்டி வண்டி தாமதமாக வந்து சேர்ந்தால் நான்கு. புனேயின் ஹடப்சர் டெப்போவில் பஸ் வந்து நின்று, ஆட்களெல்லாம் இறங்கி, நேரம் குறிக்கிற கண்ட்ரோலர் அறையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தபின், திரும்பக் கிளம்பும்வரை எவ்வளவு மிச்சமோ அவ்வளவு. அதற்குள் காகிதம் நனைந்து, வண்ணம் ஏறி, படமாகிவிட வேண்டும். ஆகாவிட்டாலும் அவள் கவலைப்பட மாட்டாள். டிரைவர் என்ஜினை முடுக்கியதும் தூரிகையை இடது மணிக்கட்டில் துடைத்துவிட்டு, டிக்கெட் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவாள். டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்போது அந்த மணிக்கட்டைப் பார்த்தால் போதும், அன்று என்ன வரைந்தாள் என்று பாதி ஊகித்துவிடலாம். பச்சையாக இருந்தால் மரம். காவியாக இருந்தால் லாரி, அல்லது மண்.

இது நடந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்து பதினோரு வருஷமாகியிருந்தது. சிஞ்ச்வட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில், எந்த போல்ட்டை எந்தப் பக்கம் திருகவேண்டும் என்று கையேடு எழுதுகிற வேலை. ஸ்கூட்டர் ஓட்டப் பயம். அதனால் தினமும் ஹடப்சரிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ். அந்த பஸ்ஸுக்கு அவள் கண்டக்டர்.

நானும் படம் வரைகிறவள்தான். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் ஜன்னலோரம் தனி மேஜை, வெளிநாட்டுத் தூரிகைகள், பஞ்சில் செய்த கெட்டிக் காகிதம், கழுத்து வளைகிற விளக்கு எல்லாம் உண்டு. படம்தான் இல்லை. ஒரு கண்காட்சிக்கு அனுப்பியது தேர்வாகாமல் திரும்பி வந்தபின் எட்டு மாதமாக ஒரு கோடுகூடப் போடவில்லை. மூடு வரட்டும் என்று காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மேஜை முன்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் வரைகிற வீடியோக்களைப் பார்ப்பேன். பயன்படுத்தாத தூரிகைகளைக் கழுவித் துடைத்து எடுத்துவைத்த ஞாயிறுகளும் உண்டு.

முதல் நாள் அவளைக் கவனித்தது தற்செயல்தான். பஸ் கிளம்ப நேரமிருந்தது. சீக்கிரமே ஏறி, இடம் தேடி உள்ளே நடந்தேன்.

"மேடம், ஜரா பாஜூலா" என்றது ஒரு குரல். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று மராத்தியில்.

கண்டக்டர் சீட்டில் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் மடியில் எதையோ வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். நான் அவளுடைய வெளிச்சத்தை மறைத்திருக்கிறேன். தள்ளி நின்று எட்டிப் பார்த்தேன். இருமல் மிட்டாய் டப்பா ஒன்றைத் திறந்து வைத்திருந்தாள். அதற்குள் ஆறேழு வண்ணங்கள் பிதுக்கிக் காயவைக்கப்பட்டிருந்தன. குடிக்கிற பாட்டிலின் மூடியில் தண்ணீர். ஒரே ஒரு தூரிகை, அதுவும் தோல்பையில் அடங்குவதற்காகக் காம்பு பாதி அறுக்கப்பட்டது. அஞ்சலட்டை அளவுக் காகிதத்தில் வெளியே நின்ற பழவண்டி ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. வண்டிக்கு மேலே தார்ப்பாய், கீழே கொய்யாக் குவியல்.

"அட, கொய்யாப்பழம் நீலமா இருக்குது" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும்.

அவள் நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "தமிழா நீங்க? அங்க பாருங்கக்கா. நெஜமாவே நீலமாத்தான் கீது!"

பார்த்தேன். நீலத் தார்ப்பாய் வழியாக வெயில் இறங்கி அத்தனை கொய்யாவும் நீலமாகத்தான் இருந்தன. அந்த வண்டியை நான் இரண்டு வருஷமாக தினமும் கடந்து போகிறேன். கொய்யா பச்சை என்று நினைத்துக்கொண்டே கடந்திருக்கிறேன்.

அவள் அப்பா கட்கியிலுள்ள ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். அவளுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், எழுதத் தெரியாது. படத்தின் பின்னால் மராத்தியில்தான் இடமும் நேரமும் குறித்துவைப்பாள். இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லிவிடவில்லை. டிக்கெட் கொடுத்துக்கொண்டே, நிறுத்தத்துக்கு ஒரு வாக்கியமாக, ஒரு வாரத்தில் சொல்லி முடித்தாள். நானும் பதிலுக்கு என் மேஜையைப் பற்றிச் சொன்னேன். மூடு வராமல் வரைய முடியவில்லை என்றேன்.

அவள் வெளியே கைகாட்டினாள். எங்கள் டிரைவர் டீக்கடையில் நின்று சாஸரில் டீயை ஊற்றி ஊதிக்கொண்டிருந்தார்.

"அவரு மூடு வந்தாத்தான் வண்டி எடுப்பேன்னா நீங்க ஆபீஸ் போய்ச் சேருவீங்களாக்கா?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "எனக்கும் தெனமும் ஒண்ணும் தோணாது. பிரஷ்ஷத் தண்ணில வெச்சப்பறம்தான் தோணும். சில நாள் அப்பவும் தோணாது. அதுக்குள்ள வண்டி எடுத்துடுவாங்க, நானும் விட்டுட்டுப் போய்டுவேன்" என்றாள்.

அவள் வரைய ஆரம்பித்த கதையும் அப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் டெப்போவில் பெண்கள் உட்கார இடமில்லை. ஆண்கள் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். இவள் காலி பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் கடைசி சீட்டுக்கு அடியில் யாரோ மறந்துவிட்டுப் போன வண்ணப்பெட்டி கிடந்தது. கண்ட்ரோலரிடம் ஒப்படைத்தாள். மூன்று மாதமாகியும் யாரும் கேட்டு வரவில்லை. "நீயே வெச்சுக்கோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். "வெச்சுக்கிட்டு இன்னா பண்றது, சரின்னு தொறந்தேன்." இதைவிடப் பெரிய காரணம் எதையும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

மழைக்காலத்தில் புனேயில் ஒன்றும் காயாது. துணியே காயாதபோது படம் எப்படிக் காயும்? அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. டிரைவர் பக்கத்தில் என்ஜின் மூடி எப்போதும் சூடாக இருக்குமல்லவா, அதன்மேல் ஈரப்படத்தை வைத்துவிடுவாள். சிஞ்ச்வட் போய்ச் சேர்வதற்குள் அப்பளம் மாதிரி மொரமொரவென்று ஆகிவிடும். ஒருநாள் டிரைவர் பார்க்காமல் தன் டிபன் டப்பாவை அதன்மேல் வைத்துவிட்டார். எடுத்தபோது படத்தின் நடுவில் பெரிய வட்டம். அவளைவிட இருபது வயது மூத்தவர், ஆனாலும் அவளைத் தாயி என்றுதான் கூப்பிடுவார். மராத்தியில் அக்கா என்று அர்த்தம். மனிதர் பதறிப்போய், "தாயி, மாஃப் கரா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அவள் படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். மழையில் நிற்கிற ஆட்டோக்களை வரைந்திருந்தாள். அவற்றுக்கு நடுவே இப்போது ஒரு வட்டம்.

"அரே, மஸ்த்! பாருங்கக்கா, ரோட்டுல தண்ணி தேங்கிக்கிச்சு!"

அப்படிச் சொன்னபிறகு எனக்கும் அது தேங்கிய தண்ணீராகவே தெரிந்தது. மறுநாளிலிருந்து டிரைவர் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, "தாயி, இன்று எங்கே வைக்கட்டும்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இன்னொரு நாள். நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தவில்லை என்று ஒரு ஆள் அவளைப் பிடித்துக் கத்தினார். வண்டி நின்று மணியடித்துக் கிளம்பியதை அவர்தான் கவனிக்கவில்லை, தவறு அவருடையதுதான். ஆனால் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்பது வரைக்கும் போனார். அவர் இறங்கிப் போனபிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் மட்டும் பார்த்தேன். இன்று வரையமாட்டாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் ஒரு மாதத்துக்கு வரையமாட்டேன்.

சாயங்காலம் ஹடப்சரில் இறங்கும்போது பார்த்தால் மடியில் காகிதம். எதிர் சீட்டில் கட்டம்போட்ட ஒரு குடை, பாதி விரிந்தபடி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"யார் குடை கண்ணு?"

"அந்த ஆளோடதுதான். கோவத்துல விட்டுட்டு எறங்கிட்டாரு. ஆபீஸ்ல ஒப்படைக்கணும். அதுக்குள்ள ஒண்ணு போட்டுக்கறேன்." தூரிகையை நனைத்தபடி சொன்னாள். "ஆளு எப்படியோ இருக்கட்டும்க்கா. கொடை ஏக்தம் அழகு."

அவ்வளவு நல்ல ஒருத்திக்கு நான் ஒரு கெடுதல் செய்தேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன்.

நான் பேருக்கு உறுப்பினராக இருந்த வார இறுதி ஓவியக் குழுவில் ஒருவர், வசதியானவர்கள் வசிக்கிற கோரேகாவ் பார்க்கில் காபிக்கடை வைத்திருந்தார். அவளுடைய படங்களை ஃபோனில் காட்டினேன். கடைச் சுவரில் ஒரு கண்காட்சி வைக்கலாம், ஆனால் பெரிய படங்களாகப் பன்னிரண்டு வேண்டும் என்றார். ஓடிவந்து அவளிடம் சொன்னேன். அவள் தயங்கினாள். "பெருசா எனக்கு வராதுக்கா, இடமே பத்தாதே" என்றாள். அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"உன் திறமைக்கு இந்தப் பத்து நிமிஷமெல்லாம் பத்தாது கண்ணு."

அவள் முகம் ஒரு கணம் வேறு மாதிரி ஆனது. பெருமையா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை. பத்து நாள் விடுப்பு எடுத்தாள். பகலில் என் வீடு காலியாகத்தான் கிடக்கும். சாவியைக் கொடுத்து, என் மேஜை, தூரிகை, பெரிய காகிதங்கள் எல்லாவற்றையும் அவளிடம் ஒப்படைத்துவிட்டு நான் ஆபீஸ் போனேன்.

முதல் நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் காகிதத்தில் பென்சில் கோடு போட்டு அழித்த தடம் மட்டும். இரண்டாம் நாளும் அதே. நான்காம் நாள் ஒரு கோயிலும் ஆறும் வரைந்திருந்தாள். தவறில்லாத படம். காலண்டரில் தொங்கலாம். அதைப் பார்க்க அவளுக்கே பிடிக்கவில்லை. ஆறாம் நாள் மேஜை சுத்தமாக இருந்தது. தூரிகைகள் வரிசையாகத் துண்டின்மேல் கிடந்தன.

"எல்லாத்தயும் கழுவி வெச்சுட்டேன்க்கா" என்றாள். "எனக்கு வரல."

அது என் வியாதி. அவளுக்கு ஒட்டவைத்துவிட்டேன்.

விடுப்பை ரத்து செய்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள். சரியாகிவிடும் என்று நினைத்தேன், ஆகவில்லை. ஹடப்சரில் வண்டி நின்றால் ஃபோனை எடுத்துவைத்துக்கொண்டாள். மிட்டாய் டப்பா வெளியே வரவேயில்லை. ஏன் என்று கேட்டேன்.

"இன்னாத்தக்கா வரையறது? எதப் பாத்தாலும், இத செவுத்துல மாட்டுனா நல்லா இருக்குமான்னுதான் தோணுது. கொய்யா வண்டிய யாரு மாட்டுவாங்க?"

இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. மணிக்கட்டு சுத்தமாக இருந்தது. டிரைவர் ஒருநாள் என்னைத் தனியாக அழைத்து, "மேடம், தாயிக்கு உடம்பு சரியில்லையா?" என்று இந்தியில் கேட்டார். டிபன் டப்பாவை என்ஜின் மூடிமேல் தாராளமாக வைத்திருந்தார். அதில் அவருக்குச் சந்தோஷமில்லை என்று தெரிந்தது. அன்றே காபிக்கடைக்காரரிடம் கண்காட்சியைத் தள்ளிப்போடச் சொன்னேன்.

புத்தி சொல்லிப் பார்க்கலாம்தான். ஆனால் ஒரு வருஷத்துக்கு மேலாகத் தூரிகை நனைக்காத நான் யாருக்கு என்ன சொல்வது? மறுநாள் ஒரு சின்ன ஓவிய நோட்டும் என் வண்ணப்பெட்டியும் எடுத்துக்கொண்டு சீக்கிரமே பஸ் ஏறினேன். அவளுக்கு முன் சீட்டில் உட்கார்ந்தேன். பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றினேன். ஏறுகிறவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். டெப்போ படிக்கட்டில் ஒரு செம்பட்டை நாய் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அதை வரைய ஆரம்பித்தேன்.

தண்ணீர் அதிகமாகிவிட்டது. முதுகு வயிற்றில் கரைந்தது, வயிறு படிக்கட்டில் வழிந்தது. வாலை வைத்தேன், அதுவும் கரைந்து போயிற்று.

டிரைவர் எட்டிப் பார்த்தார். மரியாதையாகத்தான் கேட்டார். "ஆலூ ஹை க்யா, மேடம்?" உருளைக்கிழங்கா என்று.

பின்னால் ஒரு சத்தம். அவள் ஃபோனிலிருந்து தலை தூக்கி என் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி வெடித்துச் சிரித்தாள்.

"அக்கா... வாலு எங்கக்கா?"

"வெச்சேன் கண்ணு. கரைஞ்சு போச்சு."

"காதாச்சும் வெச்சீங்களா?"

"காதை மறந்தே போயிட்டேன்."

"அய்யோ, குடுங்க இப்படி. காது மட்டும் நான் வெச்சுடறேன்." என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். இரண்டே தொடுதலில் காது முளைத்தது. உருளைக்கிழங்கு நாயாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து நிஜ நாய் எழுந்து சோம்பல் முறித்தது. "ஏய், நில்லு நில்லு, போகாத!" என்று ஜன்னல் வழியாக அதை அதட்டிக்கொண்டே, மிச்சமிருந்த இடத்தில் முன்னங்கால் நீட்டி முதுகு வளைத்து நிற்கிற நாயையும் போட்டாள். வாலைப் போடும்போதே என்ஜின் உறுமியது. தூரிகையை மணிக்கட்டில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

டிக்கெட் கொடுக்க வந்தபோது அவள் கை செம்பட்டையாக இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுவதை அவள் பார்த்தால் அதற்கும் சிரிப்பாள்.

அன்றிலிருந்து இருவரும் வரைந்தோம், முன் சீட்டில் நான், பின் சீட்டில் அவள். என்னுடையவை பெரும்பாலும் ஆலூதான். ஆனால் தினமும் ஒரு ஆலூ. ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தும் வராத மூடு எங்கே இருந்தது என்று நான் தேடவும் இல்லை.

அடுத்த ஜனவரியில் கண்காட்சி நடந்தது. பெரிய படம் ஒன்றுகூட இல்லை. அவள் வீட்டு பீரோவில் மருந்து அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்த அத்தனை சின்னப் படங்களையும் கொண்டுவந்து, அவளும் அவள் அம்மாவும் நானுமாகச் சுவர் முழுக்க ஒட்டினோம். கடைக்காரருக்கு முதலில் முகம் கோணியது. மதியம் ஷிஃப்ட் முடிந்து டெப்போ ஆட்கள் காக்கிச் சட்டையோடு வந்து நிறைந்தபோது இன்னும் கோணியது. அந்தக் கடையில் அதுவரை யாரும் அவ்வளவு சத்தமாகப் பேசியிருக்க மாட்டார்கள். "இது என் செருப்புடா!" "இது நம்ம மூணாம் நம்பர் கேட்!" கண்ட்ரோலர் தன் மூக்குக் கண்ணாடியைப் படத்தில் கண்டுபிடித்து, அதையே போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். டிரைவர் மனைவியை அழைத்துவந்து, தேங்கிய தண்ணீருக்கு முன்னால் நிறுத்தி, வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினார். "ஆட்டோ தாயி போட்டது. வட்டம் நான் போட்டது."

மூக்குத்தி போட்ட ஒரு கல்லூரிப் பெண் அவளிடம் வந்து, தினமும் எப்படி உங்களுக்கு இன்ஸ்பிரேஷன் கிடைக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இவள் என் பக்கம் சாய்ந்தாள்.

"இன்னாக்கா கேக்குது அது?"

"தினமும் வரையணும்னு உனக்கு எப்படித் தோணுதுன்னு கேக்குது."

நிஜமாகவே யோசித்தாள். பிறகு மராத்தியில் மிகப் பணிவாகச் சொன்னாள். "தோணாவிட்டாலும் பத்து நிமிஷம் சும்மாதானே உட்கார்ந்திருக்கப் போகிறேன்." அந்தப் பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதியபிறகு தானே சிரித்தாள்.

பிறகு கொரோனா வந்தது, பஸ் நின்றது. கம்பெனி என்னை வீட்டிலிருந்தே எழுதச் சொல்லிவிட்டது. அவளுக்கு வேறு டெப்போ என்று கேள்விப்பட்டேன். 'பஸ் தங்கச்சி' என்று ஃபோனில் போட்டுவைத்திருந்த எண் ஒருநாள் வேலை செய்யாமல் போயிற்று. இப்படித்தான் போய்விடுகிறார்கள், தேடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே நாமும் இருந்துவிடுகிறோம்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக சிஞ்ச்வட்டுக்கு அடுத்த நிக்டி பக்கம் போயிருந்தேன். திரும்பும்போது டெப்போவில் பஸ் எங்கே நிற்கும் என்று விசாரிக்கக் கண்ட்ரோலர் அறை ஜன்னலுக்குப் போனேன். உள்ளே மைக்குக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். காதோரம் நரை. கண்ணாடி போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து கதவைத் திறந்தாள்.

"வாங்கக்கா உள்ள! பட்டுப்பொடவைல டெப்போவுக்கு வர்ற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

விசாரிக்க நின்ற நாலைந்து பேர் முணுமுணுத்தார்கள். "தோன் மினிட்!" என்று அவர்களுக்கு இரண்டு விரலைக் காட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் வரைகிறாயா என்று கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. மேஜைமேல் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஈரப்படம் ஒன்று மின்விசிறிக் காற்றில் காய்ந்துகொண்டிருந்தது. அவள்தான் கேட்டாள்.

"நீங்க? எங்க, காட்டுங்க."

கைப்பையிலிருந்து என் சின்ன ஓவிய நோட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினாள். என் சமையலறையின் குக்கரில் வந்ததும் நின்றுவிட்டாள். ஆவி பீறிட்டுக் கிளம்ப, பின்னால் ஜன்னல் கம்பிகள் கலங்கிப்போயிருந்தன.

"இது எப்பக்கா?"

"பருப்பு வேகறப்போ போட்டது. அஞ்சு விசிலுக்குள்ள முடிக்கணும். நாலாவதுக்கே எனக்குப் போதும்னு தோணிருச்சு, கையை எடுத்துட்டேன்."

அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இந்த ஆவிய எனக்குப் போட வராதுக்கா. நான் ரொம்ப அவசரப்பட்டுடுவேன்" என்றாள். பிறகு, "இத எனக்குக் குடுங்களேன்" என்றாள்.

என்னிடம் ஒரு படத்தை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நோட்டிலிருந்து கிழித்துக் கொடுக்கும்போது ஓரம் கோணலாகக் கிழிந்தது. அவள் அதை மேஜைமேல் போட்டிருந்த கண்ணாடித் தகட்டுக்கு அடியில் பஸ் நேர அட்டவணைக்குப் பக்கத்தில் செருகினாள். சரியாக விழவில்லை என்று வெளியே எடுத்தாள். நான் தகட்டைத் தூக்கிப் பிடித்தேன். இருவருமாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தோம். நடுவில் அவள் மைக்கை அமுக்கி, ஒரு கையால் படத்தைப் பிடித்தபடியே, மராத்தியில் ஒரு பஸ்ஸை அறிவித்தாள்.

ஹடப்சர் போகிற பஸ். நான் ஏறவேண்டியது. அது கிளம்பிப் போனதை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.